பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறி: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

நம் சங்க அன்பர் ஒருவர் சித்தூரிலிருந்து ஒரு தமிழ்த் தட்டச்சுப் பொறியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அவருடைய தகப்பனார் மனு எழுதிக் கொடுக்கும் தொழில் செய்தவர். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு போன்ற தாலுகாக்களில் வாழும் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தி எத்தனையோ மனுக்களை அடித்த பொறி இது. இப்போது பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு விலை சொல்லியிருக்கிறாராம். "சார், இதற்கு உயிர் இருக்கிறதா?" என்றார் அன்பர்.

இருந்தது. இப்படிப்பட்ட பொறிகளில் கெட்டுப்போவது பெரும்பாலும் ரப்பரும் கயிறும் ஸ்பிரிங்கும்தான். இவை ஆங்கிலப் பொறிக்கும் தமிழ்ப் பொறிக்கும் பொது; தேடினால் கிடைக்கும். தமிழ் எழுத்துகள் தாங்கிய கம்பிகள் அப்படியல்ல. இந்தியாவில் 1955 முதல் தட்டச்சுப் பொறி செய்துவந்த கோத்ரெஜ் 2009-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனிப் புதிதாக வார்த்துத் தர யாரும் இல்லை.

முதலில் ரோலர். தாள் சுற்றும் அந்தக் கறுப்பு உருளையின் ரப்பர் நாளாக ஆகக் கல்லாகிவிடும். ஆங்கிலப் பொறியில் இதனால் முற்றுப்புள்ளிதான் தாளைக் கிழிக்கும். நமக்கோ சொல்லுக்குச் சொல் புள்ளி! அன்பர் கொண்டுவந்த பொறியில் "தமிழ்ச் சங்கம்" என்று அடித்துத் தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். மெய்யெழுத்து ஒவ்வொன்றின் தலையிலும் ஓட்டை. அழுத்தம் முழுவதும் ஒரு சிறு முனையில் இறங்குகிறது, அதைத் தாங்கிக்கொள்ள ரப்பரில் இளக்கம் இல்லை. அச்சக உருளைகளுக்கு ரப்பர் போடுபவரிடம் கொடுத்து, பழைய விட்டத்துக்கே கடைந்து வாங்க வேண்டும். கழற்றியவுடன் வெர்னியரால் இரு முனைகளிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் தேய்ந்திருக்கும், அந்த அளவை நம்ப வேண்டாம். விட்டம் கூடினால் வரி இடைவெளி மாறும், எழுத்தும் சரியான இடத்தில் விழாது. அதுவரை தாளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தாள் வைத்து அடிக்கலாம்.

அடுத்தது, வண்டியை இடப்புறம் இழுக்கும் கயிறு. அறுந்தால் வண்டி நகராது, எழுத்தின்மேல் எழுத்து விழும். நல்ல பின்னல் நைலான் கயிறு போதும். ஆனால் கயிற்றை அவிழ்க்கும் முன் ஸ்பிரிங் டிரம்மைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் சுழன்று விரலைப் பதம் பார்க்கும். வரியின் கடைசி எழுத்துவரை வண்டி தயங்காமல் போகும் அளவுக்கு மட்டும் முறுக்கேற்றினால் போதும்.

இனி நம் பொறிக்கே உரிய விஷயம். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுக்கு வழிகண்ட முன்னோடி. இத்தனை எழுத்துகளையும் சில டஜன் விசைகளில் அடக்க உதவியது நகரா விசை. சாதாரண விசையை அழுத்தினால், எழுத்துக் கம்பி மேலெழும்போது ஒரு பொதுச் சட்டத்தைத் தள்ளும். அது வண்டியை ஓர் இடம் நகர்த்தும். புள்ளியின் கம்பி அந்தச் சட்டத்தைத் தொடாதபடி செதுக்கப்பட்டிருக்கும். ஆகவே முதலில் புள்ளி, பிறகு 'க'. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து 'க்' ஆகும்.

இது தெரியாதவர்கள் உடைந்த புள்ளிக் கம்பிக்குப் பதிலாகச் சாதாரணக் கம்பியைப் பொருத்திவிடுகிறார்கள். புள்ளி ஓரிடத்திலும் எழுத்து அடுத்த இடத்திலும் விழும். மாற்றுக் கம்பி இன்னொரு தமிழ்ப் பொறியின் அதே விசையிலிருந்துதான் வரவேண்டும். தட்டச்சுப் பயிலகங்கள் ஒதுக்கிய பொறிகள் கிடைக்குமா என்று பாலக்காட்டார் பொள்ளாச்சி, கோவையிலும், மூணாற்றார் போடி, தேனியிலும் விசாரிக்கலாம்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரயில்வேக்காரனுக்கு மூட்டைக் கண்டால் எண்ணெய் விடாமல் இருக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பொறியின் எழுத்துக் கம்பிகள் அமரும் அரைவட்டப் பள்ளங்களில் தாராளமாக எண்ணெய் விட்டேன். ஒரு வாரம் வெண்ணெய் போல ஓடியது. மழைக்காலம் முடிவதற்குள் தூசி சேர்ந்து பிசினாகி, பாதிக் கம்பிகள் எழுந்த இடத்திலேயே நின்றுவிட்டன. அங்கே எண்ணெய் கூடாது. ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து உலர விட வேண்டும், அவ்வளவுதான்.

எதையும் கழற்றும் முன் எல்லா விசைகளையும் ஒரு தாளில் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். சித்தூர்ப் பொறிக்கு ரோலரும் கயிறும் இரண்டு ஸ்பிரிங்குகளும் மாற்றியாயிற்று, ஓட்டை விழுவதில்லை. 'ஞ' மட்டும் மயிரிழை கீழே விழுகிறது. பற்றவைத்த எழுத்தைச் சூடாக்கி நகர்த்த வேண்டும். இருப்பது ஒரே ஒரு 'ஞ'; அதை அப்படியே விட்டிருக்கிறேன்.