கூரைக்குள் என்ன இருக்கிறது?



நான் இதுவரை ஐந்து கூரைகளின் கீழ் குடியிருந்திருக்கிறேன். பிறந்த வீட்டுக்குக் கிடுகு. இடம்பெயர்ந்து தங்கிய பாடசாலைக்கு ஓடு. 2009 ஆம் ஆண்டு மெனிக் பாம் முகாமில் தறப்பாள். 2010 இல் மீள்குடியேறியபோது நிவாரணமாகக் கிடைத்த பன்னிரண்டு தகரம். பின்னர் வீட்டுத்திட்டத்தில் மீண்டும் ஓடு. இவற்றில் எதையும் நான் தெரிவு செய்யவில்லை. தந்ததை வாங்கினேன். தலைக்கு மேலே ஒன்று இருந்தால் போதும் என்ற நிலையில் இருந்தவளுக்கு, அது எதனால் செய்யப்பட்டது என்று கேட்கத் தோன்றுமா?

ஆறாவது கூரையை நான் கேட்டுத்தான் வாங்கினேன். அது என் வீட்டுக்கு அல்ல. பதினான்கு பெண்கள் சேர்ந்து தைக்கும் எங்கள் மாதர் சங்கத்தின் தையல் நிலையத்துக்கு. அந்த அனுபவத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

தகரம் எரியாது என்று நம்பினேன்

தகரக் கொட்டிலில் இருந்தவர்களுக்கு அதன் வெக்கையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் பிள்ளைகளை மத்தியானம் உள்ளே படுக்கவைக்க முடியாது. ஆகவே தகரத்தின் கீழே கிடுகு பரப்பிக் கட்டினேன். எங்கள் வீதியில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வெக்கை குறைந்தது. கெட்டித்தனமான வேலை செய்துவிட்டேன் என்றே எண்ணினேன்.

2012 ஆம் ஆண்டு ஆடி மாதம், சோழகக் காற்று நாளொன்றில், அடுப்பிலிருந்து பறந்த பொறி ஒன்று தகரத்துக்கும் கிடுகுக்கும் இடையில் போய் விழுந்தது. உள்ளே பிடித்த நெருப்பு வெளியே தெரியவில்லை. புகை மணம் வந்து நிமிர்ந்து பார்த்தபோது முகடு முழுவதும் எரிந்துகொண்டிருந்தது. மேலே தகரம் மூடியிருந்ததால் ஊற்றிய தண்ணீர் நெருப்பில் படவே இல்லை. பிள்ளைகள் பாடசாலையில் இருந்தார்கள். எனக்கு வலது கையில் மட்டும் காயம். ஆனால் கடனுக்கு வாங்கிய தையல் மிஷின் போய்விட்டது. இல்லாத அந்த மிஷினுக்காக இன்னும் பதினொரு மாதம் தவணை கட்டினேன்.

தகரம் எரியவில்லை என்பது உண்மைதான். தகரத்தின் கீழே குளிர்ச்சிக்காக நான் வைத்ததுதான் எரிந்தது.

"நடுவில என்ன தம்பி?"

2023 ஆம் ஆண்டு எங்கள் சங்கத்துக்கு ஒரு கட்டடம் கட்ட உதவி கிடைத்தது. நாற்பது அடி நீளம், இருபது அடி அகலம். தைக்கும் மண்டபம் ஒன்று, துணி அடுக்கவும் ஸ்திரிக்கை போடவும் அறை ஒன்று. கூரைக்கு 'பனல்' போடலாம் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி மாதிரித் துண்டுடன் வந்தார். இரண்டு மெல்லிய உருக்குத் தகடுகள். நடுவில் இரண்டு அங்குலத் தடிப்பில் வெள்ளையாக ஏதோ. பாரம் இல்லை, பார்வைக்கும் அழகு.

"அக்கா, இது நெருப்புப் பிடிக்காத சாமான். மேலயும் தகரம், கீழயும் தகரம். நெருப்பு எதைப் பிடிக்கும்?" என்றார்.

"நடுவில என்ன தம்பி?"

"அது சும்மா போம் அக்கா. வெக்கை இறங்காமல் இருக்கத்தான்."

என் பழைய கொட்டில் என் கண்முன்னே வந்தது. வெளியே தகரம், உள்ளே குளிர்ச்சிக்கு ஒன்று. அதே கதை.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது பலருக்குப் பிடிக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் காசைச் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும் என்ற பயம். எங்கள் சங்கத்தில் மூத்த அம்மா ஒருவர், "பிள்ளை, தானமாத் தாற மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதோ?" என்று கேட்டார்.

"மாடு வீட்டை எரிக்காது அம்மா" என்றேன். அவர் சிரித்தார். ஆனாலும் இரண்டு கிழமை அவகாசம் வாங்கித் தந்தவரும் அவர்தான்.

மூன்று விதமான நடு

அந்த இரண்டு கிழமையில் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரிடம் போய் விளக்கம் கேட்டேன். இத்தகைய பனல்களின் நடுவில் வருவன பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது பொலிஸ்ரைரீன். வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளில் பொதியாக வரும் ரெஜிபோம்தான் இது. விலை குறைவு. வெக்கையை நன்றாகத் தடுக்கும். ஆனால் 100 பாகை செல்சியசளவில் இளகத் தொடங்கி, நெருப்புப் பட்டால் உருகிச் சொட்டும். சொட்டுவதும் எரியும்.

இரண்டாவது பொலியூரத்தேன் என்ற மஞ்சள் நிற நுரை. வெக்கையைத் தடுப்பதில் இதுவே திறமானது. எரியும்போது கரும்புகையும், காபனோரொட்சைட்டு, ஐதரசன் சயனைட்டு என்ற நச்சு வாயுக்களும் வரும். நெருப்பில் சாகிறவர்களில் பெரும்பாலோர் புகையால்தான் சாகிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது கல்நார்ப் பஞ்சு. 'றொக்வூல்' என்பார்கள். எரிமலைப் பாறையை 1,500 பாகையளவில் உருக்கி, பஞ்சு மிட்டாய் சுற்றுவதுபோல் நூலாக்கிச் செய்வது. அஸ்பெஸ்டசையும் தமிழில் கல்நார் என்பதுண்டு. இது அதுவல்ல. இது எரியாது. 1,000 பாகைக்கு மேலேதான் உருகும். பாரம் கூட, விலையும் கூட.

நடுவில் இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது. 2017 ஆனி 14 ஆம் திகதி லண்டன் கிரென்பெல் மாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பிடித்த நெருப்பு வெளிச்சுவர் வழியே ஏறி 72 உயிர்களைக் குடித்தது. அந்தச் சுவரின் வெளிப்பலகைகளும் அலுமினியம்தான். இரு தகடுகளுக்கும் நடுவில் இருந்தது பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக். எங்கள் நாட்டுப் பிள்ளைகள் பலர் வேலைக்குப் போகும் தென்கொரியாவின் இச்சோன் நகரில், கட்டிக்கொண்டிருந்த களஞ்சியங்களில் 2008 இல் 40 பேரும் 2020 இல் 38 பேரும் இறந்தார்கள். அங்கும் வெப்பத்தடுப்புக்கு இட்ட நுரையே நெருப்பையும் புகையையும் பரப்பியது.

கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

'நெருப்பைத் தாங்கும்' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு விடயங்கள் இருக்கின்றன.

ஒன்று, பொருள் தானே எரியுமா? ஐரோப்பியத் தரப்படுத்தலில் ஏ1, ஏ2 என்றால் எரியாதவை என்று கொள்ளலாம். அதன்பின் பி முதல் எஃப் வரை வரவர எரியும் தன்மை கூடும்.

மற்றது, ஒரு பக்கம் நெருப்பு எரியும்போது மறுபக்கத்துக்கு விடாமல் எத்தனை நிமிடம் தாங்கும்? இதனை 30, 60, 120 நிமிடம் என்று குறிப்பார்கள். 

அத்தாட்சிப் பத்திரத்தைக் கேளுங்கள். அது தகட்டுக்கு மட்டுமா, நடுவையும் சேர்த்து முழுப் பனலுக்குமா என்று பாருங்கள். அதில் உள்ள தடிப்பும் உங்களுக்குத் தரும் தடிப்பும் ஒன்றா என்றும் பாருங்கள். பத்திரம் இங்கிலீசில் இருந்தால் படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிச் செல்லுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

நாங்கள் இன்னொன்றும் செய்தோம். வெளி வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மாதிரிகளில் தீப்பெட்டியளவு துண்டுகளை நீண்ட குறட்டால் பிடித்து நெருப்பில் காட்டினோம். வெள்ளை நுரை சுருங்கிச் சொட்டியது. மஞ்சள் நுரை கருகிப் புகைந்தது. கல்நார்ப் பஞ்சு சிவந்தது, எடுத்ததும் ஆறிவிட்டது. புகை நஞ்சு என்பதால் இதை வீட்டுக்குள்ளோ பிள்ளைகளுக்கு அருகிலோ செய்யாதீர்கள். இது அத்தாட்சிப் பத்திரத்துக்கு ஈடும் ஆகாது. ஆனால் அதன் பிறகு எங்கள் கூட்டத்தில் எவரும் என்னுடன் வாதாடவில்லை.

எங்கள் காசுக்குள் செய்தது

முழுக் கூரைக்கும் கல்நார்ப் பனல் போட எங்களிடம் காசு இல்லை. ஆகவே துணியும் ஸ்திரிக்கையும் இருக்கும் அறைக்கு மட்டும் அதைப் போட்டோம். மண்டபத்துக்குச் சாதாரணக் கூரைத் தகடு. அதன் கீழே கம்பி வலை கட்டி, கண்ணாடிப் பஞ்சு விரித்தோம். கண்ணாடிப் பஞ்சும் எரியாது. ஆனால் அதன் ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாள் எரியக்கூடியதாக இருக்கலாம். அதையும் கேட்டே வாங்க வேண்டும். விரிக்கும்போது கையுறை, முகமூடி, நீளக்கைச் சட்டை அவசியம். இல்லாவிட்டால் மேலெல்லாம் கடிக்கும்.

மிச்சச் செலவுக்காக விறாந்தையை விட்டுக்கொடுத்தோம். உதவி தந்தவர்களும் கணக்கைப் பார்த்து அதற்கு உடன்பட்டார்கள். விறாந்தை இன்னும் கட்டப்படவில்லை. வெயிலுக்கு ஒரு வேப்பமரம் வைத்திருக்கிறோம்.

பீலியை மறக்காதீர்கள்

கூரை முடிந்ததும் காசும் முடிந்துவிடும். பீலி பிறகு பார்க்கலாம் என்று விடுவதே வழக்கம். அது தவறு. பனலின் வெட்டுமுகம் பீலிக்கு மேலே திறந்தபடி நின்றால் மழைநீரும் எலியும் பொறியும் அதற்குள்ளே போகும். நனைந்த பஞ்சு வெக்கையைத் தடுக்காது, பாரமும் ஏறும். ஆகவே விளிம்பைத் தகட்டால் மடித்து மூடச் சொல்லுங்கள்.

பீலியின் அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அதற்குள் நீர் இறங்கும் கூரையின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும், பீலியின் வெட்டுமுகம் குறைந்தது ஒரு சதுர சென்ரிமீற்றர் வேண்டும். எங்கள் கூரையில் ஒரு பக்கம் 37 சதுர மீற்றர். நான்கு அங்குல அகலமும் மூன்று அங்குல ஆழமும் கொண்ட பீலி அதற்கு இருமடங்கு போதும். மாரி மழைக்கு அந்த மிச்சம் தேவை. பத்து அடிக்கு அரை அங்குலம் சரிவு விட்டோம்.

பீலிக்குள் சேரும் காய்ந்த சருகு நெருப்புக்கு நல்ல தீனி. அடுப்புப் பொறியோ, குப்பை எரிக்கும்போது பறக்கும் சாம்பலோ விழுந்தால் போதும். பிளாஸ்ரிக் பீலியென்றால் இளகி எரிந்தபடி விழும். நாங்கள் அலுமினியம் போட்டோம். மாரிக்கு முன் ஒருமுறையும் சோழகத்துக்கு முன் ஒருமுறையும் இருவர் ஏணி வைத்துக் கூட்டிவிடுகிறோம்.

பீலியால் இன்னொரு நன்மை. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். எங்கள் முழுக் கூரை 74 சதுர மீற்றர். பத்து மில்லிமீற்றர் மழையில், வீணாவது போக ஏறக்குறைய 600 லீற்றர் கிடைக்கும். முதல் மழையை வெளியே விட்டுக் கூரை கழுவுப்பட்ட பின்னரே தொட்டிக்குள் திருப்புகிறோம். அந்தத் தொட்டியடியில் எப்போதும் இரண்டு வாளி நிறைந்திருக்கும். அதை எதற்கும் எடுக்கக் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் சட்டம்.

உங்கள் வீட்டுக்கு

பனல் வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் தகரத்தின் கீழே கிடுகு, கடதாசிமட்டை, உரச்சாக்கு, ரெஜிபோம் கட்டியிருந்தால், அடுப்புக்கு மேலேயாவது அதைக் கழற்றிவிடுங்கள். தகரத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தாலே வெக்கை குறையும். முகட்டில் காற்றுப் போக வழி விடுங்கள். குசினியை வீட்டிலிருந்து தள்ளி, காற்று வீசும் திசை பார்த்து வையுங்கள்.

அஸ்பெஸ்டஸ் சீற் எரியாது என்று அதை நாடுபவர்களும் உண்டு. அதன் தூசு சுவாசப்பைக்குக் கேடு. எல்லா வகை அஸ்பெஸ்டசும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நெருப்பில் அது வெடித்துச் சிதறவும் கூடும். ஏற்கெனவே போட்டிருந்தால் வாளால் அறுக்காதீர்கள், துளைக்காதீர்கள், காய்ந்த நிலையில் தேய்த்துக் கழுவாதீர்கள்.

2016 ஆம் ஆண்டளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடுகள் தரத் திட்டமிட்டபோது, எங்கள் வெயிலுக்கு அது சரிவருமா, அந்தக் காசுக்கு இரண்டு கல்வீடு கட்டலாமே என்று எங்கள் மக்கள் கேட்டார்கள். அந்தத் திட்டம் அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. கேட்டதால் எவரும் நன்றிகெட்டவர் ஆகிவிடவில்லை.

எங்கள் ஸ்திரிக்கை அறைக் கூரைக்கு இன்னும் சோதனை வரவில்லை. வரவும் வேண்டாம். அதன் கீழே இப்போது பதினான்கு மிஷின்களின் துணி இருக்கிறது. அதில் ஆறு மிஷினுக்கு இன்னும் தவணை கட்டி முடியவில்லை. மிஷின் இருக்கும்போதே அதற்குத் தவணை கட்டுவது எவ்வளவு நிம்மதி என்பது எனக்குத் தெரியும்.

அடுத்தமுறை யாராவது உங்களுக்கு ஒரு கூரை தந்தால் நன்றி சொல்லுங்கள். அதோடு, நடுவில் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள்.