கசக்கும் நீலம்

டீயைக் குடிச்சுக்கிட்டே கேளுங்க தம்பி. ஆம்பூர் ஷூ கம்பெனி ஆண்டு விழாவில் இருட்டில் ஒளிரும் பானம் வைக்கணும், அவ்வளவுதானே? அதற்குச் சாயமும் வேண்டாம், சாராயமும் வேண்டாம். டானிக் வாட்டரும் புற ஊதா விளக்கும் இருந்தால் குழந்தைகுட்டிகளோடு வருகிறவர்களுக்கும் வைக்கலாம்.

டானிக் வாட்டரின் கசப்பு கொயினாவின் கசப்பு. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த அதே மருந்துதான், ஆனால் இதில் சொற்பம். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பது. ஆண்டிஸ் மலைக்காட்டு மரமான அதை 1860-இல் ஆங்கிலேயரான கிளெமென்ட்ஸ் மார்க்கம் நம் நீலகிரிக்குக் கொண்டுவந்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் போட்டார்கள். நடுவட்டத்தில் கொயினா தொழிற்சாலையும் நடந்தது.

புற ஊதாக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. கொயினா அதை உள்வாங்கி, கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழந்து, மிச்சத்தை நீல ஒளியாக வெளியே விடுகிறது. விளக்கை அணைத்தால் அந்தக் கணமே நீலமும் போய்விடும். இந்த நீலத்தை 1845-இல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கவனித்து எழுதினார். 1852-இல் ஸ்டோக்ஸ் என்ற இன்னொரு விஞ்ஞானி, சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, கொயினா கரைசல் இருந்த குழாயை நிறங்களின் ஊடே நகர்த்திக்கொண்டே போனார். ஊதா முடிந்து, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்துக்குப் போனதும் குழாய் நீலமாக ஒளிர்ந்தது. எனக்கு இதைவிட அழகான பரிசோதனை தெரியாது. வேலூர் வெயிலில் நீங்களும் பார்க்கலாம்: டானிக் வாட்டர் ஊற்றிய கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தோல் துண்டைப் பிடியுங்கள். வெயில் விழும் பக்கத்தில் மெல்லிய நீலம் படர்ந்திருக்கும்.

விளக்கு வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். அலைநீளம் 365 நானோமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். 395 என்று மலிவாக வருவது அறையை ஊதாவாக்கும், பானத்தைச் சுமாராகத்தான் ஒளிர வைக்கும். கடைக் கல்லாவில் கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கை வைத்து முதலில் சோதித்துக்கொள்ளலாம். ஆனால் கிருமி கொல்லும் புற ஊதா டியூப்பைக் கொண்டுவந்து மாட்டிவிடாதீர்கள். அது கண்ணையும் தோலையும் சுட்டுவிடும்.

அடுத்தது உப்பு. நம்ம ஊரில் எலுமிச்சை சோடா என்றாலே கை உப்புக்குப் போகும். இதில் போடாதீர்கள். உப்பிலுள்ள குளோரைடு, கொயினா வாங்கிய ஆற்றலை ஒளியாகும் முன்பே பிடுங்கிக்கொள்ளும். விளக்கடியில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாலே நீலம் மங்குவது தெரியும். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் தாராளமாகச் சேர்க்கலாம். ரோஸ் சிரப், கோலா, நன்னாரி போன்ற அடர்நிறங்கள் ஒளியை விழுங்கிவிடும். இஞ்சிச் சாறு, புதினா இலை, டானிக் வாட்டரையே உறையவைத்த ஐஸ் கட்டி இவையெல்லாம் பொருந்தும்.

என்னைக் கேட்டால் கடல்பாசிதான் இதற்கு ராஜா. நோன்புக் காலத்தில் வீடுகளில் செய்வார்களே, அதேதான். பாலுக்குப் பதில், கொஞ்சம் தண்ணீரில் சர்க்கரையோடு பாசியைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, இறக்கியதும் டானிக் வாட்டரை ஊற்றிக் கலந்து தட்டில் ஆறவிடுங்கள். சோடாவின் கேஸ் போய்விடும், நீலம் போகாது. வில்லை போட்டு வெள்ளைத் தட்டில் வைக்காதீர்கள். சில வெள்ளைத் தட்டுகள் தாமே ஒளிர்ந்து வில்லையின் நீலத்தை அமுக்கிவிடும். சலவைப் பவுடரில் துவைத்த வெள்ளை வேட்டிகூட அந்த விளக்கில் பளீரென்று தெரியும். கறுப்புத் தட்டே நல்லது.

ஒளிரும் குச்சியை உடைத்து டம்ளரில் ஊற்றுகிறார்கள் என்று யாராவது சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். அது வாயில் படக்கூடாத ரசாயனம். பட்டன் பேட்டரி வைத்த ஐஸ் கட்டி பொம்மையும் வேண்டாம். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். கர்ப்பிணிகள், இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள், கொயினா ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைக் குடிக்க வேண்டாம். ‘கொயினா சேர்ந்தது’ என்று பெரிய எழுத்தில் அட்டை எழுதி மேஜையில் வையுங்கள். அவர்களுக்காகப் பக்கத்திலேயே ஒரு ஜாடியில் சாதா எலுமிச்சை ஜூஸும் இருக்கட்டும், அதில் உப்புப் போட்டுக்கொள்ளலாம்.