நிழற்படத்தில் வாழும் அங்காடி

ஒரு நகரின் வரலாற்றை அறிய விரும்புவோர் அங்குள்ள அரண்மனைகளையும் வழிபாட்டு இடங்களையும் நாடிச் செல்வர். கல்லால் ஆகிய அவை நெடுங்காலம் நிலைத்து நிற்பன. ஆனால், அந்நகரின் அங்காடியில் கூடை சுமந்தவர் எங்கே? தெருத்தோறும் கூவி விற்றவர் எங்கே? அவர்தம் வாழ்வைக் கல்லில் பொறித்து வைத்தார் இலர். இக்குறையை ஓரளவேனும் நீக்கிய பெருமை நிழற்படக் கருவிக்கு உண்டு. பாரிசு நகரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசு ஈராயிரம் ஆண்டுத் தொன்மை உடையது. உரோமானியர் காலத்தில் அது லுட்டீசியா என்னும் பெயருடன் சேன் ஆற்றங்கரையில் விளங்கிற்று. நகரின் நடுவே லே ஆல் என்னும் பெருஞ்சந்தை 12ஆம் நூற்றாண்டு முதல் நடைபெற்று வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதற்கு இரும்பும் கண்ணாடியும் கொண்ட பெருங்கூடங்கள் எழுப்பப்பட்டன. அதே நூற்றாண்டில் அகன்ற சாலைகள் அமைக்கும் பொருட்டுப் பழந்தெருக்கள் பல இடிக்கப்பட்டன. எஞ்சியவையும் எந்நாள் மறையுமோ என்னும் நிலை தோன்றிற்று.

அந்நிலையில் அவற்றைப் படமெடுக்க முனைந்தவர் யூஜின் அட்ஜே என்பவர். 1857இல் பிறந்த இவர், இளமையிலேயே பெற்றோரை இழந்தார். கப்பலில் பணி செய்தார். பின்னர் நாடக நடிகரானார். அத்தொழிலும் நிலைக்காமற் போகவே, நிழற்படக் கலையை மேற்கொண்டார். 'கலைஞர்களுக்கு வேண்டிய ஆவணங்கள்' என்னும் பலகையைத் தம் வீட்டு வாயிலில் மாட்டினார். ஓவியர்களும் நூலகங்களும் அவரிடம் படங்களை வாங்கினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் பாரிசின் தெருக்களிற் படமெடுத்தார்.

அக்காலத்தில் அவர் கையாண்ட முறை எளிதன்று. வெள்ளி உப்புப் பூசிய கண்ணாடித் தகடுகளே அவர் பயன்படுத்தியவை. ஒவ்வொரு தகடும் 18 செ.மீ. அகலமும் 24 செ.மீ. நீளமும் உடையது. மரத்தாலான கருவியையும் முக்காலியையும் தகடுகளையும் சுமந்தே அவர் தெருத்தெருவாய்ச் சென்றார். வில்லையின் வழியே வரும் ஒளி தகட்டில் நன்கு பதியச் சில நொடிகள் தேவைப்படுவதும் உண்டு. அதற்குள் நடந்து செல்வோர் படத்தில் வெறும் புகைபோலத் தோன்றுவர். விரைந்து செல்வோர் தோன்றாமலே போவர். அசையாது நிற்போர் மட்டுமே தெளிவாகப் பதிவர்.

கூடை விற்பவர், விளக்கு மறைப்பு விற்பவர், கந்தல் பொறுக்குபவர், தெருவில் இசைப்பெட்டி சுழற்றுபவர் முதலியோரை அவர் 1898ஆம் ஆண்டை ஒட்டிப் படமெடுத்தார். அவர்கள் தத்தம் சுமையுடன் கருவியின் முன் நின்றனர். நிற்பவரின் ஒத்துழைப்பு இன்றி அத்தகைய படம் அமையாது. எனவே, அப்படங்கள் எடுத்தவரும் நின்றவரும் கூடி ஆக்கியவை எனல் பொருந்தும்.

1920இல் 2,600க்கு மேற்பட்ட தகடுகளை அட்ஜே பிரெஞ்சு அரசுக்கு விற்றார், 1927இல் மறைந்தார். அவரிடம் எஞ்சியிருந்தவற்றைப் பெரெனிஸ் அபட் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் வாங்கிப் பேணினார். 1968இல் அத்தொகுதியை நியூயார்க்கிலுள்ள நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. மறு ஆண்டிலேயே லே ஆல் சந்தை நகருக்கு வெளியே ரன்ஜிஸ் என்னும் இடத்திற்குப் பெயர்ந்தது. 1971இல் இரும்புக் கூடங்களை இடிக்கத் தொடங்கினர். ஒரு கூடம் மட்டும் நோஜான் என்னும் ஊரில் மீண்டும் நிறுவப்பட்டது. வலிய இரும்பு வீழ்ந்தது; உடையத்தக்க கண்ணாடித் தகடு எஞ்சியது. பேணுவார் இருந்தமையே இதற்குக் காரணமாகும்.

இன்று கைப்பேசி வைத்திருப்போர் யாவரும் நொடியிற் படமெடுக்க வல்லவர். கருவி எளிதாயிற்று, ஆயினும், எதனைப் படமெடுப்பது என்னும் தேர்வு எளிதாகவில்லை. திருவிழாவையும் புதுக் கட்டடத்தையும் பலரும் எடுப்பர். நாள்தோறும் காணும் காய்கறிக் கடையையும் அதனை நடத்துபவரையும் எடுப்போர் சிலரே. மாணவர்களே, அங்காடிக்குச் செல்லும்போது அவர்களையும் உற்று நோக்குங்கள். படமெடுக்க விரும்பின், முதலில் அவர்தம் இசைவைப் பெறுங்கள். எடுத்த இடத்தையும் நாளையும் உடன் குறித்து வையுங்கள். இன்று எளியதாகத் தோன்றும் அப்படம், நாளை அந்நகரின் வரலாறாக விளங்கும்.