அப்பா போனுக்கு '3' அனுப்பினேன்



எங்கள் வீடு பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில். அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அதனால் வீட்டில் மிக்சி ரிப்பேரா, ரேடியோ ரிப்பேரா, எதுவானாலும் "எலக்ட்ரானிக்ஸ் படிக்குதுல்ல, அது பார்க்கும்" என்று நேராக என்னிடம் வந்துவிடும்.

அப்பாவிடம் இருப்பது பழைய பட்டன் போன். கடலுக்குப் போகும்போது அதைப் பாலிதீன் கவரில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொள்வார். "இதைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல போன் வாங்குங்கப்பா" என்று ஒருநாள் சொன்னேன். "நாலு நாள் சார்ஜ் நிக்குது. ஈரக் கையால அமுக்கினாலும் வேலை செய்யுது. உன் போனு செய்யுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை! அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்க் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் செய்தி போனதே கம்ப்யூட்டரிலிருந்துதான்

எஸ்.எம்.எஸ். என்றாலே போனிலிருந்து போனுக்குப் போவது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் உலகின் முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்துதான் அனுப்பப்பட்டது. அனுப்பியவர் நீல் பாப்வொர்த் என்ற இளம் எஞ்சினியர். செய்தி, 'மெர்ரி கிறிஸ்துமஸ்'. அதைப் பெற்றவரால் பதில் அனுப்ப முடியவில்லை. காரணம், அவர் கையில் இருந்த போனில் செய்தி டைப் செய்யும் வசதியே கிடையாது!

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவுக்கும் டெல்லிக்கும் இடையே நடந்தது. அதற்குப் பின் நிறைய மாறிவிட்டது. ஆனால் எஸ்.எம்.எஸ். மட்டும் அடிப்படையில் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு பேங்கிலிருந்து வரும் ஓடிபி கூட அந்த வழியில் வருவதுதான்.

160 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

1985-ல் ஜெர்மனியைச் சேர்ந்த பிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்பவர் டைப்ரைட்டரில் சாதாரண வாக்கியங்களை அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தாராம். பெரும்பாலானவை 160-க்குள் அடங்கிவிட்டன. தபால் கார்டுகளையும் டெலக்ஸ் செய்திகளையும் பார்த்தார். அவையும் சிறியவைதான்.

நம் பாடக் கணக்குப்படி பார்ப்போம். ஒரு செய்திக்கு நெட்வொர்க் ஒதுக்கிய இடம் 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட். 1120-ஐ 7-ஆல் வகுத்தால் 160. அவ்வளவுதான்!

சரி, தமிழுக்கு? தமிழ் எழுத்துகள் அந்த 7 பிட் பட்டியலில் இல்லை. அதனால் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் தேவைப்படுகிறது. 1120-ஐ 16-ஆல் வகுத்தால் 70. அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். 'பட்டினப்பாக்கம்' என்ற சொல்லில் நாம் எண்ணினால் 9 எழுத்து. போன் எண்ணினால் 15! எங்கள் ஊர்ப் பெயரை நாலு தடவை எழுதினால் செய்தி ஏறக்குறைய முடிந்தது.

மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றவர்கள் இந்தச் சிக்கலோடு போராடித்தான் 2005-ல் 'செல்லினம்' மூலம் கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அப்பாவின் போன் மாதிரியானவற்றில் தமிழ் எழுத்துருவே கிடையாது. நான் ஆசையாகத் தமிழில் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, கட்டம் கட்டமா வருது?" என்றார். ஆங்கிலம் அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எண் தெரியுமே! மீன் ஏலத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். 1 என்றால் வீட்டுக்குப் போன் பண்ணு. 2 என்றால் வரும்போது ஐஸ் வாங்கி வா. 3 என்றால் காற்று எச்சரிக்கை, கரைக்கு வா.

கண்டம் செய்த கம்ப்யூட்டரில் ஒரு பரிசோதனை

எங்கள் லேபின் மூலையில் கண்டம் செய்யப்பட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. விண்டோஸ் 98. ஹெச்.ஓ.டி. சாரிடம் அனுமதி கேட்டு அதைத் தூசி தட்டினோம். நாம் பிராஜெக்டுக்காக ரிச்சி தெருவில் வாங்குவோமே, அந்த ஜி.எஸ்.எம். மோடத்தை அதன் பின்னால் இருந்த சீரியல் போர்ட்டில் மாட்டினோம். புது லேப்டாப்பில் இந்தப் போர்ட் இருக்காது. தேவைப்படுவது மூன்றே கம்பி: அனுப்ப ஒன்று, பெற ஒன்று, கிரவுண்டு ஒன்று. வேகம் 9600.

விண்டோஸ் 98-ல் ஹைப்பர் டெர்மினல் என்று ஒரு சின்ன புரோகிராம் உண்டு. அதைத் திறந்து 'ஏடி' என்று இரண்டு எழுத்து அடித்தால் மோடம் 'ஓகே' என்று பதில் சொல்லும். 'அட்டென்ஷன்' என்பதன் சுருக்கம்தான் ஏடி. 1981-ல் ஹேய்ஸ் கம்பெனி தன் டெலிபோன் மோடத்துக்காக உருவாக்கிய பாஷை இது. அதே பாஷையைத்தான் செல்போன் மோடமும் பேசுகிறது! இன்னும் இரண்டு கட்டளை கொடுத்து, எண்ணை அடித்து, செய்தியை அடித்து, கண்ட்ரோல் இசட் அழுத்தினால் எஸ்.எம்.எஸ். கிளம்பிவிடும்.

ஆனால் முதல் இரண்டு நாள் எங்களுக்கு அது கிளம்பவே இல்லை. மோடம் சிக்னல் தேடும்போதெல்லாம் அணைந்து அணைந்து எரிந்தது. தப்பு எங்களுடையதுதான். 2ஜி போன் தொடர்ந்து ஒலிபரப்பாது. பேசும்போது ஒரு நொடிக்கு 217 தடவை துண்டு துண்டாக அனுப்பும். (ரேடியோ பக்கத்தில் போனை வைத்தால் 'டிர்ர்ர்' என்று கேட்குமே, அது இந்தத் துடிப்புதான்.) அந்தக் கணத்தில் மோடம் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நாங்கள் கொடுத்ததோ அரை ஆம்பியர் அடாப்டர்! அடாப்டரை மாற்றியதும் ஓடியது. செய்யப் போகிறவர்கள் இதை மறக்காதீர்கள்.

காத்திருக்கும் செய்தி

பழைய முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இனிமேல் சொல்லப் போவதுதான். போன் அழைப்புக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் லைனில் இருக்க வேண்டும். எஸ்.எம்.எஸ்.ஸுக்கு அது தேவையில்லை. நாம் அனுப்பும் செய்தி முதலில் ஒரு செய்தி மையத்துக்குப் போகும். பெறுபவர் எல்லைக்கு வெளியே இருந்தால் அங்கேயே காத்திருக்கும். அவர் போன் மறுபடி ஏதாவது ஒரு டவரில் பதிவானவுடன் நெட்வொர்க் மையத்துக்குத் தகவல் சொல்லும். செய்தி போய்ச் சேரும். அதற்கு இன்டர்நெட் வேண்டாம். பேச்சுக்கான சேனலும் வேண்டாம், நெட்வொர்க் தன் வேலைக்கு வைத்திருக்கும் சிக்னல் சேனலே போதும்.

தூரம் எவ்வளவு? சாதாரண 2ஜி டவரின் எல்லை அதிகபட்சம் 35 கிலோமீட்டர். சிக்னல் போய்வரத் தாமதமாவதைச் சரிக்கட்ட 63 படிகள்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு படிக்குச் சுமார் 550 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 35 வந்துவிடும். 900 மெகாஹெர்ட்ஸ் 2ஜி போன் உச்சமாக 2 வாட் வரை அனுப்பும். 4ஜி போனுக்கு அது சாதாரணமாக 0.2 வாட். கடலில் தாழ்வான போட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு நடைமுறையில் 35 கிலோமீட்டர் கிடைக்காது. ஆனாலும் அப்பாவின் போனில் இரண்டு கோடு தெரியும் இடத்தில் என் போன் 'நோ சர்வீஸ்' காட்டியதை நானே போட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் மதியம். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை மையம் அறிவித்துவிட்டது. அப்பா விடியற்காலையே போய்விட்டார். போன் பண்ணினால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றே வந்தது. அம்மா வாசலிலேயே நின்றார். நான் லேபுக்கு ஓடி, அந்தப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து அப்பாவுக்கும், அப்பாவோடு போகும் மற்ற போட்டுக்காரர்களுக்கும் '3' அனுப்பினேன். சாயங்காலம் எல்லோரும் கரை சேர்ந்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். என் செய்தியால் யாரும் பிழைக்கவில்லை. அப்பா அதற்கு முன்பே வானத்தைப் பார்த்துத் திரும்ப ஆரம்பித்துவிட்டார். பாதி வழியில் சிக்னல் வந்தபோதுதான் செய்தி வந்திருக்கிறது. "மேகத்தைப் பார்த்தா தெரியாதா எனக்கு?" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா உன் மூணு வந்துச்சு. வீட்ல தெரிஞ்சிக்கிட்டாங்கன்னு மனசு ஆறுச்சு" என்றார். அடுத்த வாரம் தெருவில் இன்னும் ஆறு பேர் தங்கள் நம்பரைக் கொடுத்தார்கள்.

அன்று இன்னொரு பாடமும் கற்றேன். எச்சரிக்கைச் செய்திக்குக் காலக்கெடு வைக்க வேண்டும். மோடத்தில் அதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது. இல்லாவிட்டால் போனை அணைத்து வைத்திருந்தவருக்கு நேற்றைய '3' இன்று வந்து வீணாகப் பயமுறுத்தும்.

பழசு எல்லாம் குப்பையா?

2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் குப்பமும் அடி வாங்கியது. அதே நாள் புதுச்சேரி பக்கம் நல்லவாடு கிராமத்தில் என்ன நடந்தது தெரியுமா? சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். ஊரே மேட்டுக்கு ஓடித் தப்பியது. ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி, அவ்வளவுதான். கையில் இருந்த சாதனத்தைச் சரியான நேரத்தில் பயன்படுத்தத் தெரிந்த ஆள் அங்கே இருந்தார், அதுதான் முக்கியம்.

சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜியை நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் ஜியோவுக்கு ஆரம்பத்திலிருந்தே 2ஜி கிடையாது. மற்றவர்களும் ஒருநாள் நிறுத்தலாம். அலைவரிசையைப் புதியதற்குக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. புதியது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே நாளில் அப்பா மாதிரி ஆட்களின் சட்டைக்குள் என்ன போன் இருக்கும் என்று யார் யோசிப்பது? டவரில் ஏறப் போகிறவர்களும், மோடம் செய்யப் போகிறவர்களும் நாம்தானே! நாம்தான் யோசிக்க வேண்டும்.

நண்பர்களே, உங்கள் லேபிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் மூலையில் கிடக்கும். எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை மோடத்தை மாட்டி 'ஏடி' என்று அடித்துப் பாருங்கள். அது 'ஓகே' சொன்னால், அதை வைத்து யாருக்குச் செய்தி அனுப்பலாம் என்று உங்கள் தெருவில் போய்க் கேளுங்கள்.