கதிரைச் சுமக்கும் கார்!

கார் கதிரவனை மறைக்கும் — வானத்திலே!
கார் கதிரவனைச் சுமக்கும் — உட்ரெக்ட் நகரத்திலே!

முதலில் சொன்ன கார், முகில். அடுத்துச் சொன்ன கார், மோட்டார் வண்டி. சொல் ஒன்று, பொருள் இரண்டு, நல்ல சிலேடை என்று ரசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழர்களே! நெதர்லாந்து நாட்டின் நாலாவது பெரிய நகரத்தில், பட்டப்பகலில், நடுத்தெருவில் நடந்துகொண்டிருக்கிற காரியம் இது.

கூரைமீது வெயில் விழுகிறது. வெயில் மின்சாரமாகிறது. அந்த மின்சாரம் தெருவோரத்துக் கம்பத்தின் வழியாகக் காரின் பாட்டரிக்குள் புகுகிறது. மாலை வருகிறது, கதிரவன் விடைபெறுகிறான், வீடுதோறும் விளக்கு எரிகிறது, அடுப்பு சூடேறுகிறது. அந்த நேரத்தில், காருக்குள் சேர்ந்த மின்சாரம் வந்த வழியே திரும்பித் தெருக் கம்பிக்குள் பாய்கிறது. பகலில் வாங்கியதை இரவில் தருகிறது கார்! அந்தக் காரோ ஒரு தனிமனிதரின் உடைமையல்ல. அந்த வட்டாரத்தார் பலரும், வேண்டிய நேரத்துக்கு வாடகை கொடுத்து எடுத்து, ஓட்டி முடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிற பொதுக் கார்!

கதிரவனைப் பங்கிட்டுக்கொள்வது ஒருபுறம். காரைப் பங்கிட்டுக்கொள்வது மறுபுறம். இரண்டும் சந்திக்கிற முச்சந்தியில்தான் நாம் சற்று நின்று பேசவேண்டியிருக்கிறது.

சொந்தக் காரின் கதையை முதலில் பார்ப்போம். நாளுக்கு 24 மணி நேரம். அதில் ஒரு சொந்தக் கார் ஓடுவது, சராசரியாகப் பார்த்தால், ஏறத்தாழ ஒரு மணி நேரம். மற்ற 23 மணி நேரமும் அது நிற்கிறது. வீட்டு வாசலில் நிற்கிறது, அலுவலக வாசலில் நிற்கிறது, கடைத்தெருவில் நிற்கிறது. ஓடுவதற்கென்று வாங்கிய பொருள், நிற்பதற்கென்றே பிறந்ததுபோல் நிற்கிறது! கோயில் தேர்கூட ஆண்டெல்லாம் நிலையில்தான் நிற்கிறது. ஆனால் ஊருக்கு ஒரு தேர், அதற்கு ஒரு தேரடி. ஆளுக்கொரு தேர், தேருக்கொரு தேரடி என்று ஆகிவிட்டால் ஊர் எங்கே நிற்பது? பிள்ளைகள் எங்கே ஆடுவது? முதியவர்கள் எங்கே நடப்பது?

"பெட்ரோல் காரை ஒழியுங்கள், மின்சாரக் கார் வாங்குங்கள், தொல்லை தீர்ந்தது!" என்று கூறுவோர் உண்டு. தெருவில் புகை தீரும், மறுக்கவில்லை. நெரிசல் தீருமா? புகைவிடும் கார் அடைத்திருந்த இடத்தைப் புகைவிடாத கார் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதானே! ஆகவேதான் விவரம் அறிந்தோர் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்கிறார்கள். கார் யாருடையது? அதை ஓட்டுகிற மின்சாரம் எங்கிருந்து வந்தது?

கேள்வி நேற்று முளைத்ததல்ல. 1965-ஆம் ஆண்டிலேயே ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் லூத் ஸ்கிம்மெல்பென்னிங்க் என்பவர் 'வெள்ளைச் சைக்கிள் திட்டம்' என்று ஒன்றை முன்வைத்தார். வெள்ளை வண்ணம் பூசிய சைக்கிள்களைப் பூட்டாமல் தெருவில் விடுவோம். வேண்டியவர் எடுக்கட்டும், இறங்கிய இடத்தில் விடட்டும், அடுத்தவர் எடுக்கட்டும் என்றார்கள் அவரும் அவருடைய தோழர்களும். போலீசார் என்ன செய்தார்கள் தெரியுமா? பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது சட்டவிரோதம் என்று கூறி, சைக்கிள்களைக் கைப்பற்றிக்கொண்டு போனார்கள்! கள்வனைப் பிடிக்கவேண்டியவர்கள், கள்வனுக்கே வேலையில்லாமல் செய்ய வந்த சைக்கிளைப் பிடித்தார்கள்!

அவர் சோரவில்லை. 1974-இல் 'விட்கார்' வந்தது. 'வெள்ளைக் கார்' என்பது பொருள். மூன்று சக்கரம், இருவர் அமர இடம், டெலிபோன் கூண்டுக்குச் சக்கரம் வைத்தாற்போன்ற உருவம், ஓட்டுவது மின்சாரம். உறுப்பினர் ஒரு நிலையத்தில் எடுத்து, இன்னொரு நிலையத்தில் விடலாம். கணக்கு வைத்துக்கொள்ளக் கணிப்பொறி! இன்றைய பொதுக் கார் திட்டங்களின் அடிப்படை அத்தனையும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இருந்தது. உறுப்பினராக ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். ஆனால் வண்டிகளோ 35! நிலையங்களோ ஒரு கை விரலுக்குள் அடங்கும்! ஆயிரம் பேர் பந்தியில் அமர்ந்திருக்க, முப்பத்தைந்து இலை போட்டால் விருந்து நடக்குமா? 1986-இல் விட்கார் நின்றது.

பிறகு பாரிஸ் நகரம் பெரிதாகவே இறங்கியது. 2011 டிசம்பரில் 'ஆட்டோலிப்' தொடங்கியது. நகராட்சிகள் இடம் தந்தன. பொல்லோரே குழுமம் வண்டி தந்தது. ஏறத்தாழ 4,000 மின்சாரக் கார்கள் தெருவில் இறங்கின. சந்தாதாரர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. வெற்றி முரசு கொட்டினார்கள். ஆனால் கணக்கு ஏடு வேறு கதை சொன்னது. இழப்பு ஏறிக்கொண்டே போயிற்று. 20 கோடி யூரோவுக்கு மேல் ஈடு தாருங்கள் என்றது கம்பெனி. தரமாட்டோம் என்றன நகராட்சிகள். 2018 ஜூலை இறுதியோடு திட்டம் மூடப்பட்டது.

அமெரிக்காவின் சான்டியாகோ நகரத்தில் 'கார்டூகோ' கம்பெனி 2011-இல் 300 மின்சாரக் கார்களை இறக்கியது. காரை இறக்கியவர்கள், காருக்குச் சார்ஜ் ஏற்றப் போதிய கம்பம் இருக்கிறதா என்று பார்த்தார்களா? போதவில்லை! 2016-இல் மின்சாரக் கார்களை அகற்றிவிட்டுப் பெட்ரோல் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கடையையே கட்டிவிட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் எண்ணம் இருந்தது, எண்ணிக்கை இல்லை.
பாரிசில் எண்ணிக்கை இருந்தது, கணக்கு நேராகவில்லை.
சான்டியாகோவில் கார் இருந்தது, கம்பம் இல்லை.

மூன்று ஊர்களிலும் கார் என்பது காராக மட்டுமே இருந்தது. ஓடினால் வருமானம், நின்றால் நட்டம்! இங்கேதான் உட்ரெக்ட் வேறு வழி கண்டது. நின்றாலும் வேலை செய்யட்டும் என்றது!

அந்த நகரத்தில் லொம்போக் என்று ஒரு பகுதி. சீமான்கள் வாழ்ந்த பகுதியல்ல. தொழிலாளர்களுக்காக எழுந்த பகுதி. டச்சுக்காரர்கள் கீழைக் கடலில் அடக்கி ஆண்ட தீவுகளின் பெயர்களை அந்தத் தெருக்கள் தாங்கி நிற்கின்றன. லொம்போக் என்பதே அப்படியொரு தீவின் பெயர்தான். பின்னாளில் துருக்கியிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் பிழைக்க வந்தோர் அங்கே குடியேறினார்கள். அந்த வட்டாரத்தாருக்கு இணையத் தொடர்பு வழங்கிவந்த ராபின் பெர்க் என்பவர், பள்ளிக்கூடக் கூரைகளில் சூரியத் தகடுகளைப் பதிக்கும் முயற்சியில் இறங்கினார். பகலில் மின்சாரம் மிஞ்சியது, மாலையில் பற்றாக்குறை. மிஞ்சியதை எங்கே வைப்பது? தனியாகப் பாட்டரி வாங்கி அடுக்குவதா? தெருவில்தான் சக்கரம் வைத்த பாட்டரிகள் நிற்கின்றனவே! இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே 'வீ டிரைவ் சோலார்' என்ற பொதுக் கார் நிறுவனம்.

மின்சாரத்தை ஏற்றவும் இறக்கவும் வல்ல பொதுக் கம்பத்தை, 2019-இல் அந்த நாட்டு மன்னர் வில்லெம் அலெக்சாண்டரே வந்து தொடங்கிவைத்தார். முடியுடை மன்னர் தொழிலாளர் பகுதித் திட்டத்துக்குத் தொடக்கவிழா நடத்தியது காலத்தின் கோலம் மட்டுமல்ல, கதிரவனின் கோலமும்கூட! 2025 ஜூனில், இப்படி ஏற்றவும் இறக்கவும் வல்ல 50 ரெனோ கார்கள் 'மைவீல்ஸ்' என்ற பொதுக் கார் நிறுவனத்தின் மூலம் உட்ரெக்ட் தெருக்களுக்கு வந்தன. 500 வரை கொண்டுபோவது குறிக்கோள்.

இதிலே ஆதாயம் என்ன என்று கேட்பீர்கள். கணக்கே போடலாம், வாருங்கள்.

ஒரு காரின் பாட்டரி 40 யூனிட் கொள்ளும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். பாதியை ஓட்டுபவருக்காக ஒதுக்குவோம். மீதி 20 யூனிட். டச்சுக் குடும்பம் ஒன்று ஒருநாள் முழுதும் செலவிடுவது சராசரி 7 அல்லது 8 யூனிட். அதில் மாலை நேரச் செலவு 4 யூனிட் என்று கொண்டால், ஒரு கார் ஐந்து குடும்பங்களுக்கு மாலை விளக்கேற்றும். 500 கார் நின்றால் 10,000 யூனிட், 2,500 குடும்பம்! எல்லாக் காரும் ஒரே நேரத்தில் நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். பாதிதான் நிற்கும் என்றாலும் 1,250 குடும்பம்! காற்றில் கட்டிய கோட்டையா இது? கூட்டல் பெருக்கல் தெரிந்த எவரும் கட்டக்கூடிய வீடு!

"இதைச் சொந்தக் காரை வைத்தே செய்யலாமே, பொதுக் கார் எதற்கு?" என்று மடக்குவோர் உண்டு. செய்யலாம். ஆனால் ஆயிரம் சொந்தக் காருக்கு ஆயிரம் முதலாளி, ஆயிரம் மனம், எவர் எப்போது கிளம்புவார் என்று எவருக்குத் தெரியும்? பொதுக் காரில் அப்படியல்ல. எந்தக் கார் எப்போது பதிவாகியிருக்கிறது என்பது ஏட்டில் இருக்கிறது. எந்தக் கம்பத்தில் நிற்கிறது என்பதும் தெரியும். ஆகவே, காலையில் எட்டு மணிக்குப் போகவேண்டிய காரை இரவில் காலியாக்காமல், நாளை நண்பகல்வரை வேலையில்லாத காரிலிருந்து எடுக்கலாம். பொதுவில் இருப்பதால்தான் ஒழுங்கு எளிதாகிறது!

இது ஆடம்பர விளையாட்டும் அல்ல. நெதர்லாந்தில் மின்கம்பிகள் திணறுகின்றன. உற்பத்தி மிஞ்சும் பகலிலும் நெரிசல். தேவை மிஞ்சும் மாலையிலும் நெரிசல். புதிய இணைப்புக் கேட்டு ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் வரிசையில் காத்து நிற்கும் நிலை வந்தது. உட்ரெக்ட் மாநிலமும் அதற்கு விலக்கல்ல. கம்பியில் இடமில்லை என்றால் புதிய பள்ளிக்கு இணைப்பில்லை. புதிய வீட்டுக்கு இணைப்பில்லை. புதிய பட்டறைக்கு இணைப்பில்லை. அதே உட்ரெக்டில், மெர்வெட என்ற புதிய குடியிருப்பை 6,000 வீடுகளோடு திட்டமிட்டிருக்கிறார்கள். மூன்று வீட்டுக்குக் கார் நிறுத்துமிடம் ஏறத்தாழ ஒன்றுதான்! வீடு வேண்டும், இணைப்பு வேண்டும், இடமும் வேண்டும் என்றால், நிற்கும் கார் சும்மா நிற்கக்கூடாது.

மறுப்புகளை மறைக்க நாம் வரவில்லை. நிலக்கரியில் பிறந்த மின்சாரத்தைக் காரில் ஏற்றினால் என்ன ஆகும்? தெருவில் விட்ட புகையை ஊருக்கு வெளியே, உயரமான புகைபோக்கியில் விடுகிறோம், அவ்வளவே! நெதர்லாந்தில் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி இப்போது காற்று, கதிரவன் போன்ற குன்றாத வளங்களிலிருந்து வருகிறது. 2030 முதல் நிலக்கரியால் மின்சாரம் எடுக்கக்கூடாது என்று 2019-இலேயே சட்டம் செய்தார்கள். மற்ற பாதியைத் தூய்மையாக்கும் வேலை இருக்கிறது. குளிர்காலத்தில் அந்த நாட்டில் வெயில் சொற்பம். கோடைக்கால வெயிலைத் தை மாதம்வரை சேர்த்துவைக்கக் காரால் ஆகாது. நாளுக்கு நாள் உதவும். பருவத்துக்குப் பருவம் உதவாது. ஏற்றி இறக்கினால் பாட்டரி தேயும் என்பதும் பேச்சல்ல, உண்மை. எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு இறக்குவது என்று அளவறிந்து செய்தாகவேண்டும்.

இவையெல்லாம் பொறிஞர் தீர்க்கும் சிக்கல்கள். ஆட்சியாளர் தீர்க்கவேண்டிய சிக்கல் வேறு. காரில் ஏற்றும்போது மின்சாரத்துக்கு வரி. அதே மின்சாரம் காரிலிருந்து இறங்கி அடுத்த வீட்டுக்குப் போனால் மறுபடியும் வரி! ஒரே நெல்லுக்கு இருமுறை வாரம் அளப்பதா என்று அங்கே கேட்டார்கள், நியாயமான கேள்வி. இன்னொன்று: கூரை மின்சாரத்தைக் கம்பிக்குக் கொடுத்து, பிறகு எடுத்ததோடு நேர்செய்துகொள்ளும் சலுகை 2027 ஜனவரி 1 முதல் இல்லை என்று அங்கே சட்டம் செய்தாகிவிட்டது. அதன்பின் நண்பகல் மின்சாரத்தை அருகிலேயே சேமிப்பவருக்குத்தான் ஆதாயம். சொந்த வீடும் சொந்தப் பாட்டரியும் உள்ளவர் சேமித்துக்கொள்வார். மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர் எதில் சேமிப்பார்? அவருக்குக் கூரையும் இல்லை, காரும் இல்லை. அவர் தெருவில் நிற்கும் பொதுக் கார்தான் அவருக்குப் பாட்டரி!

அதனால்தான் கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்கவேண்டும். சார்ஜ் கம்பத்தைத் தெருவிளக்குப்போல் கருதுங்கள். பணம் புழங்கும் தெருவில் மட்டும் நடாதீர்கள், பாடுபடுவோர் தெருவிலும் நடுங்கள். ஏற்றும் கம்பம் மட்டும் போதாது. இறக்கவும் தெரிந்த கம்பமாக முதலிலேயே நடுங்கள். கம்பெனியோடு செய்யும் ஒப்பந்தத்தில் இழப்பு யார் தலையில், இலாபம் யார் கையில் என்பதை முதல் நாளே எழுதுங்கள்; பாரிசில் நடந்ததை மறவாதீர்கள். மாலையில் கார் தரும் மின்சாரத்தால் வரும் ஆதாயத்தில், வாடகை குறைவதாக ஒரு பங்கு ஓட்டுபவருக்கும் போகட்டும்.

கதிரவன் எவருக்கும் பில் அனுப்புவதில்லை. அரண்மனைக்கு ஒரு கதிர், குடிசைக்கு ஒரு கதிர் என்று பிரித்துப் பொழிவதுமில்லை. பிரிப்பது கம்பி, பிரிப்பது ஒப்பந்தம், பிரிப்பது மனிதர்கள் எழுதிய விதி. மனிதர் எழுதியதை மனிதர் திருத்தலாம். ஐம்பது காரோடு ஒரு நகரம் அதைத் திருத்தத் தொடங்கியிருக்கிறது.

கார் நிற்கட்டும், காரியம் ஓடட்டும்!