பால் பாக்கெட்டும் மெஸ் பில்லும்



2024 நவம்பரில் நம் விடுதி மெஸ்ஸில் நடந்த கூட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அக்டோபர் மாத பில்லில் நாளொன்றுக்கு ஆறு ரூபாய் கூடியிருந்தது. "யாரோ அடிக்கிறாங்கப்பா" என்று பின் வரிசையில் ஒரு குரல் கிளம்பியதும் கூட்டமே கத்தியது. மெஸ் பிரதிநிதியாக இருந்த சீனியர் அண்ணன் கணக்கு நோட்டைத் தூக்கிக் காட்டினார். ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. கத்தியவர்களில் நானும் ஒருவன். மாதம் நூற்றி எண்பது ரூபாய் கூடுதல் என்பதை வீட்டில் எப்படிச் சொல்வது என்ற பயம்தான் என்னைக் கத்த வைத்தது.

மறுநாள் அந்த அண்ணன் நோட்டை என் கையில் கொடுத்து, "நீயே கூட்டிப் பாருடா தம்பி" என்றார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து கூட்டினேன். கணக்கு எங்கேயும் உதைக்கவில்லை. தக்காளி, வெங்காயம், பூண்டு, எண்ணெய் எல்லாமே கடை விலையில்தான் ஏறியிருந்தன. திருடனைத் தேடப் போய் விலைவாசியைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

வேகம் வேறு, தூரம் வேறு

'பணவீக்கம் குறைந்தது' என்று செய்தித்தாளில் வந்தால் என் அப்பா கேட்பார்: "குறைஞ்சுதுன்னு போட்டிருக்கானே, அண்ணாச்சி கடையில ஒண்ணும் குறையலையேப்பா?" எழுத்துக் கூட்டித்தான் படிப்பார் என்றாலும் கேள்வி சரியான கேள்வி.

பணவீக்கம் என்பது விலை அல்ல, விலை ஏறும் வேகம். பஸ் 70 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 50-க்குக் குறைந்தால் வந்த வழியே திரும்பிப் போகுமா? முன்னால்தான் போகும், கொஞ்சம் மெதுவாக. நூறு ரூபாய்ச் சாமான் 7 சதவீதம் ஏறினால் 107. அடுத்த வருஷம் பணவீக்கம் 5 சதவீதமாகக் 'குறைந்தால்' அதே சாமான் 112 ரூபாய் 35 காசு.

நம் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 2022 ஏப்ரலில் 7.79 சதவீதம். 2024 அக்டோபரில், அதாவது நாம் கத்திய அந்தப் பில்லுக்குரிய மாதத்தில், 6.21. 2025 அக்டோபரில் வெறும் 0.25. காய்கறி போன்ற சில பொருட்கள் அப்போது மெய்யாகவே இறங்கின. ஆனால் மொத்தத்தில் 0.25 என்றால், ஒரு வருஷத்துக்கு முன் ஏறி நின்ற உயரத்திலேயே விலைகள் நிற்கின்றன என்றுதான் பொருள். ரிசர்வ் வங்கிக்கு அரசு வைத்திருக்கும் இலக்கே 4 சதவீதம். இலக்கு தவறாமல் நிறைவேறினாலும் இன்றைய 100 ரூபாய்ச் சாமான் பத்து வருஷத்தில் 148 ரூபாய் ஆகும். கூலியும் சம்பளமும் அதே வேகத்தில் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி.

சராசரி யாருடைய சராசரி?

இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் சென்ட்ராய்டு கண்டுபிடிக்கிறோம் அல்லவா? ஒவ்வொரு பகுதியின் பரப்பையும் தூரத்தையும் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பரப்பால் வகுக்கிறோம். பெரிய பகுதி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் புள்ளி நகரும். விலைக் குறியீடும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடை உண்டு. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டில் உணவு, பானங்களுக்குக் கொடுத்த எடை நூற்றுக்கு 45.86. அதில் பாலுக்கும் பால் பொருட்களுக்கும் மட்டும் 6.61.

இது நாடு முழுவதுக்குமான சராசரி. மாதம் பத்தாயிரம் செலவழிக்கும் ஒரு வீட்டில் ஆறாயிரம் சாப்பாட்டுக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டுச் சாமான் 10 சதவீதமும் மற்றவை 3 சதவீதமும் ஏறினால் அந்த வீட்டுக்குக் கூடுவது 600 + 120 = 720 ரூபாய். பணவீக்கம் 7.2 சதவீதம். அதே பத்தாயிரத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு மட்டும் சாப்பாட்டுக்குப் போகும் வசதியான வீட்டில் கூடுவது 250 + 225 = 475 ரூபாய். அதாவது 4.75 சதவீதம்தான். ஒரே ஊர், ஒரே கடை, ஒரே விலை. ஆனால் ஏழை வீட்டுப் பணவீக்கம் வேறு, பணக்கார வீட்டுப் பணவீக்கம் வேறு! நம் மெஸ்ஸை எடுத்துக்கொண்டால் செலவில் பெரும் பகுதி சாப்பாட்டுச் சாமான்தான். அப்புறம் ஏன் ஏறாது?

எங்கோ இடி, இங்கே மழை

நோட்டில் அதிகம் ஏறியிருந்தவற்றில் எண்ணெயும் ஒன்று. இந்தியா தனக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா-உக்ரைன் போர் மூண்டதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடுமாறியது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே சில வாரங்கள் நிறுத்தியது. இங்கே வடை போடும் பாட்டிக்கு அந்த நாடுகளின் பெயர் தெரியாது. ஆனால் வடை சிறுத்தது.

2024-ல் காரணம் வேறு. உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கட்டும் என்று அந்த செப்டம்பரில் மத்திய அரசு இறக்குமதி வரியை உயர்த்தியது. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதம் ஆனது. கூடவே அக்டோபரில் காய்கறி விலை முந்தைய வருஷத்தைவிட 42 சதவீதம் உயர்ந்திருந்தது. எல்லாம் சேர்ந்து நம் மெஸ் பில்லில் வந்து விழுந்தது. திட்டு மட்டும் அந்த அண்ணனுக்கு!

ரிசர்வ் வங்கி என்ன செய்யும்? கடனுக்கான வட்டியை உயர்த்தும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதத்தை 4-லிருந்து 6.5 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. வட்டி ஏறினால் கடன் வாங்கிச் செலவழிப்பது குறையும், விலை ஏறும் வேகமும் மட்டுப்படும். ஆனால் மழையில் அழுகிய தக்காளியை வட்டி விகிதத்தால் காய்க்க வைக்க முடியாதே!

பால் ஊற்றும் வீட்டில் கடுங்காப்பி

இப்போது பாலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் ஒரு கறவை மாடு உண்டு. அம்மா காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32-லிருந்து 35 ரூபாய் ஆனது. அதே சமயம் ஆரஞ்சு பாக்கெட் நிறை கொழுப்புப் பாலின் சில்லறை விலை 48-லிருந்து 60 ரூபாய் ஆனது. அட்டைதாரர்களுக்கு மட்டும் பழைய 46 ரூபாய் தொடர்ந்தது.

"விலை ஏத்திட்டாங்களாமே, உங்களுக்கு யோகம்தான்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அம்மா சிரித்துக்கொண்டே, "தீவன மூட்டைய யாரு தூக்கறது?" என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு லிட்டருக்கு மூன்று ரூபாய் வீதம் நாளைக்கு 24 ரூபாய் கூடுதல் வரவு. அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் எங்கள் ஊரில் மாட்டுத்தீவனம் கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறியிருந்தது. நாளைக்கு நான்கு கிலோ என்றால் 20 ரூபாய் கூடுதல் செலவு. மிச்சம் நாலு ரூபாய். தவிடும் சோளத்தட்டும் ஏறியதை இதில் சேர்க்கவில்லை. பாலில் கொழுப்புச் சத்து குறைந்தால் அந்த 35 ரூபாயும் முழுசாக வராது.

அதனால் எங்கள் வீட்டில் பால் முழுவதும் சொசைட்டிக்குப் போகும். அம்மா குடிப்பது கடுங்காப்பி. "எனக்கு அதுதான் புடிக்கும்" என்பார். நானும் பல வருஷம் நம்பினேன். என் முதல் செமஸ்டர் கட்டணம் அந்தப் பால் கணக்கிலிருந்துதான் வந்தது என்று பிறகு தெரிந்தது.

வாங்குபவருக்கு விலை அதிகம், ஊற்றுபவருக்கு வரவு போதாது. இரண்டும் ஒரே பாலில் ஒரே நேரத்தில் உண்மை. இடையில் குளிரூட்டல், வண்டி, டீசல், பாக்கெட், கமிஷன், சம்பளம் என்று எத்தனையோ செலவு. 'விலையை ஏற்றாதே' என்று நாம் கோஷம் போடும்போது 'கொள்முதல் விலை பத்தாது' என்பவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

விலை ஏறாமலே ஏறும் விலை

இன்னொரு தந்திரமும் உண்டு. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஐந்து ரூபாயிலேயே நிற்கும், உள்ளே கிராம்தான் குறையும். பாலிலும் இப்படி உண்டு. 2023 நவம்பரில் 3.5 சதவீதக் கொழுப்புள்ள ஊதா நிறப் பாக்கெட் வந்தது. விட்டமின் ஏ, டி சேர்க்கப்பட்டது. ஆனால் விலை, 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சைப் பாக்கெட்டின் அதே 44 ரூபாய். ஆகவே விலையை மட்டும் பார்க்காமல் எடையையும் பாருங்கள். ரூபாயைக் கிராமால் வகுத்தால் உண்மை வந்துவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் அரிசி இலவசமாகவும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைப்பதால்தான் பல வீடுகளில் அடுப்பு அணையாமல் இருக்கிறது. வெளியில் விலை ஏற ஏற அந்தக் கார்டின் மதிப்பும் ஏறுகிறது. பால் அதில் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். கை இறுகும்போது வீட்டில் முதலில் குறைவது பால்தான், அதிலும் பெரும்பாலும் அம்மாவின் டம்ளரில்.

அந்தக் கூட்டத்தில் சாயங்கால டீயை நிறுத்திவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நோட்டைக் கூட்டிய பிறகு, மீந்து கொட்டும் சாப்பாட்டைக் குறைத்தாலே டீச் செலவில் பாதி கிடைக்கும் என்று தெரிந்தது. ராத்திரி யார் யார் சாப்பிடுவார்கள் என்று மதியமே பெயர் எழுதும் பழக்கம் அப்படித்தான் வந்தது. டீ தப்பித்தது. மெஸ் வாசலில் கயிற்றில் தொங்குகிறதே கணக்கு நோட்டு, அதுவும் அப்போது கட்டியதுதான்.

அந்த அண்ணன் இப்போது படிப்பை முடித்துப் போய்விட்டார். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை பில் ஏறும்போது குரலை உயர்த்துவதற்கு முன், கயிற்றை இழுத்து அந்த நோட்டை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

– மெக்கானிக்கல் மாணவன் ஒருவன்