கேட்காமல் வந்து குவிபவை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கேட்லின்பர்க் என்ற சுற்றுலா ஊர் இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகம் ஒன்றில் உப்பும் மிளகுத்தூளும் தூவும் குப்பிகள் மட்டுமே காட்சிக்கு உள்ளன. ஜோடி ஜோடியாக 20,000-க்கும் மேல்.

இதை நிறுவிய ஆண்ட்ரியா லுடன் பெல்ஜியத்தைச் சேர்ந்த தொல்லியலாளர். குப்பி சேர்க்கும் ஆசையெல்லாம் அவருக்கு முதலில் இருக்கவில்லை. அவர் வாங்கிய மிளகு அரைக்கும் குப்பி ஒன்று சரியாக அரைக்கவில்லை. மாற்றாக இன்னும் ஒன்றிரண்டு வாங்கி, எல்லாவற்றையும் ஜன்னலோரம் வைத்தார். பார்த்த அக்கம்பக்கத்தார், "ஓ, இவருக்கு இதெல்லாம் பிடிக்கும் போல" என்று முடிவு கட்டிவிட்டார்கள். போகிற இடத்திலெல்லாம் வாங்கி வந்து கொடுத்தார்கள். தானாகச் சேர்ந்த கூட்டம் கடைசியில் அவரையே சேகரிப்பாளர் ஆக்கிவிட்டது.

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு இதே அனுபவம் கொஞ்சம் வலியோடு வாய்த்தது. ஜெல்லி பேபி என்ற மெத்தென்ற மிட்டாய் பிடிக்கும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தார். ரசிகர்கள் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். மேடையை நோக்கியும் வீசினார்கள். 1964 பிப்ரவரியில் குழு வாஷிங்டனில் பாடியபோது, அமெரிக்க ரசிகர்களின் கையில் இருந்தது மேலே கெட்டியான ஓடு கொண்ட ஜெல்லி பீன். பாடிக்கொண்டிருந்தவர்கள் மேல் அது கல்மாரி போல விழுந்தது.

பரிசு வாங்கப் போகிறவருக்கு ஒரு துப்புக் கிடைத்தால் போதும். ஒரு வீட்டு அலமாரியில் இரண்டு பிள்ளையார் பொம்மைகள் இருந்தால், அடுத்த விசேஷத்துக்கு வருகிறவர் மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு வருவார். மூன்று இருப்பதைப் பார்த்தவர் நான்காவதை. வாங்கிக்கொள்பவர் முகம் கோணாமல் "ரொம்ப நல்லா இருக்கு" என்கிறார். அந்த ஒரு வார்த்தையில் ஐந்தாவதும் உறுதியாகிவிடும்.

பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-ல் இப்படி வேண்டாத பரிசுகளால் வரும் நஷ்டத்துக்குக் கணக்குப் போட்டார். கிறிஸ்துமஸுக்குக் கிடைத்த பொருள்களின் விலையையும், அவற்றின் மதிப்பு தங்களுக்கு எவ்வளவு என்பதையும் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார். செலவான பணத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீண் என்று தெரிந்தது.

நம் ஊரில் இந்த நஷ்டத்தைச் சமாளிக்க ஒரு வழி நெடுநாளாக இருக்கிறது: சுற்றில் விடுவது. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் பிளவுஸ் பிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 80 சென்டிமீட்டர் துணி. அந்த நிறத்தில் புடவை இருக்காது, தைக்கிற கூலி துணியின் விலையைவிடக் கூடுதல். அதனால் அது பீரோவுக்குள் போய், அடுத்த வீட்டுத் தாம்பூலத்தில் வெளியே வருகிறது. பல கை மாறிய துணியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மடிப்பு விளிம்பில் வெளுத்த கோடு ஓடும். மூலையில் யார் வீட்டுக் குங்குமமோ ஒட்டியிருக்கும். பேனாவால் புள்ளி வைத்துக் கொடுத்த துணி மறுவருடம் தன் வீட்டுக்கே திரும்பி வந்த கதை கொலு வீடுகளில் சலிக்காமல் சொல்லப்படுவது. சொல்கிறவரும் சிரிப்பார், கேட்கிறவர் பையிலும் அப்படி ஒரு துணி இருக்கும்.

இந்தச் சுற்றை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் அமெரிக்காவின் இரண்டு மைத்துனர்கள். 1964-ல் ஒருவருக்கு அவர் அம்மா கொடுத்த தடித்த பருத்திக் கால்சட்டை, மினசோட்டா குளிரில் விறைத்து நின்றது. அவர் அதை மைத்துனருக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தள்ளிவிட்டார். மைத்துனர் அடுத்த கிறிஸ்துமஸில் திருப்பிக் கொடுத்தார். சில வருடம் இப்படிப் போய்வந்த பிறகு போட்டி சூடுபிடித்தது. ஒருவர் கால்சட்டையை முறுக்கி ஓர் அங்குலக் குழாய்க்குள் திணித்து அனுப்பினார். மற்றவர் அதைச் சதுரமாக அழுத்திக் கம்பியால் கட்டினார். பிறகு 270 கிலோ இரும்புப் பெட்டிக்குள் வைத்துக் கதவைப் பற்றவைத்தார்கள். பழைய கார் ஒன்றின் டேஷ்போர்டு அறையில் வைத்து, காரையே மூன்றடிக் கனசதுரமாக நசுக்கினார்கள். ராட்சத டயரில் வைத்துக் கான்கிரீட் ஊற்றினார்கள். துணி சேதமானால் ஆட்டம் முடிந்தது என்பது ஒப்பந்தம். 1989-ல் உருக்கிய கண்ணாடிக்குள் அதைப் புதைக்க முயன்றபோது கால்சட்டை எரிந்தே போனது. சாம்பல் பித்தளைக் கலசத்தில் மைத்துனர் வீடு போய்ச் சேர்ந்தது.

அந்தக் கால்சட்டையை ஒருவரும் விரும்பவில்லை. ஆனால் 'வேண்டாம்' என்பதை முகத்துக்கு நேரே சொல்ல முடியாத உறவில், கேலியாகச் சொல்ல அது வசதியாக இருந்தது. வந்த பரிசை வேறொருவருக்குக் கொடுத்தால் கொடுத்தவர் மனம் புண்படுமோ என்ற பயம்கூட மிகையானது என்கிறது 2012-ல் வெளியான உளவியல் ஆய்வு ஒன்று. வாங்கியவர் அஞ்சும் அளவுக்குக் கொடுத்தவர் வருந்துவதில்லையாம்.

வேண்டியதை வாய்விட்டுக் கேட்பது இன்னொரு வழி. தமிழக அரசியலில் பொன்னாடைகள் மலையாகக் குவிவது தெரிந்ததே. பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று தொண்டர்களைக் கேட்டுக்கொண்டார் மு.க. ஸ்டாலின். கேட்டபடியே புத்தகங்கள் வந்தன. ஒருவர் படித்து முடிக்கிற அளவிலா வந்தன? அவற்றையும் நூலகங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.